டிரெஸ்டன் குளிரும் என் பழைய வெஸ்பாவும்: குளிர்கால டயர் மாத்துன கதை

ஜெர்மனில நான் இருக்குற டிரெஸ்டன் ஊர்ல போன நவம்பர்ல ஒரு நாள் காலைல ஆறு மணி ஷிப்ட்டுக்கு கிளம்பி போயிட்டிருந்தேன், ரோட்ல பனி எதுவும் இல்ல, ஐஸ் இல்ல, சும்மா ஈரம், வெளிய 3 டிகிரி, அவ்ளோதான். அல்பெர்ட்பிளாட்ஸ் தாண்டி கோனிக்ஸ்ப்ருக்கர் தெருவுல ஏறுனா டிராம் தண்டவாளமும் பழைய கல்லு பாவின ரோடும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கும், அங்க தண்டவாளத்தை சாய்வா கடக்குறப்ப பின் சக்கரம் ஒரு ஜாண் தூரத்துக்கு தன்னால நகந்து போய் திரும்ப வந்துச்சு. விழல. ஆனா அந்த ஒரு செகண்ட்ல வயித்துக்குள்ள என்னமோ கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு, கம்பெனி வாசல் வரைக்கும் இருபதுலயே உருட்டிக்கிட்டு போனேன், பின்னாடி வந்த கார்காரன் என்ன நெனச்சானோ.

சாயங்காலம் வந்து டயரைப் பாத்தா பட்டன் நல்லாவே இருக்கு, நாலு மில்லிமீட்டருக்கு மேல. இங்க அதுக்கு ஒரு கைவைத்தியம் இருக்கு, 2 யூரோ காசை காடிக்குள்ள நிறுத்தி வெச்சா அதோட வெள்ளி நிற ஓரம் 4 மில்லிமீட்டர், அது மறைஞ்சா டயர் ஓகே. மறைஞ்சுது. அப்ப ஏன் வழுக்குச்சு? வெரலால அமுக்கிப் பாத்தேன், மேசை மாதிரி இருக்கு ரப்பர். அங்கதான் இந்த மொத்த வேலையும் ஆரம்பிச்சுது.

வண்டி என்னன்னு சொல்லிடறேன். வெஸ்பா பிஎக்ஸ் 125, டூ ஸ்ட்ரோக், நாலு கியர் கைப்பிடியில, 10 இன்ச் சக்கரம், டயர் சைஸ் 3.50-10, முன்னாடி பின்னாடி ஸ்டெப்னி மூணும் ஒரே சைஸ். நம்ம ஊர் பஜாஜ் சேட்டக் ஓட்டுனவங்களுக்கு இதை விளக்கவே வேணாம், பெரியப்பா பசங்க மாதிரி ரெண்டும் ஒரே ஜாடை. திருச்சில எங்கப்பா சேட்டக்தான் வெச்சிருந்தாரு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தவரு, வண்டியை மெக்கானிக்கிட்ட விடறதை கௌரவக் குறைச்சலா நெனப்பாரு. நான் டிரெஸ்டன்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎக்ஸ் வாங்கிட்டேன்னு சொன்னப்ப அவர் கேட்ட முதல் கேள்வி "ஸ்டெப்னி இருக்கா?" ரெண்டாவது கேள்வி "அதுல காத்து இருக்கா?" ரெண்டாவது கேள்வியை அப்ப நான் கண்டுக்கல.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தேன், ஏன்னா இங்க கார்ல குளிர்கால டயர் இல்லாம பனி ரோட்ல மாட்டுனா 60 யூரோ அபராதமும் லைசென்ஸ் கணக்குல ஒரு தண்டனைப் பாயிண்ட்டும். நமக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சா, ரெண்டு சக்கர வண்டிக்கு 2017லயே விலக்கு கொடுத்துட்டாங்க, கட்டாயம் இல்ல. ஆஹான்னு சந்தோஷப்பட்டு அடுத்த வரியைப் படிச்சா அங்க கொக்கி. பனி, ஐஸ், சகதி இருக்குற நாள்ல இந்த விலக்கு வாங்குன வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி, போற இடத்துக்கு வேற வண்டி வாகனம் இல்லையா, இந்தப் பயணம் அவசியந்தானான்னு ஓட்டுறவனே யோசிச்சுப் பாக்கணுமாம். அப்புறம் 50க்கு மேல போகக் கூடாது, முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் நடுவுல ஸ்பீடோமீட்டர்ல காட்டுற நம்பர்ல பாதி மீட்டராவது இடைவெளி விடணும், 40ல போனா 20 மீட்டர்.

என் வீட்டு வாசல்ல இருந்து கம்பெனி வாசலுக்கு ஏழாம் நம்பர் டிராம் நேரா போகுது. அதனால பனி பெய்யுற நாள்ல எனக்கு இந்தச் சட்டப்படி நியாயமே கிடையாது, டிராம்ல ஏறி உக்கார வேண்டியதுதான். அப்புறம் எதுக்கு குளிர்கால டயர்னு என் மனைவி கேட்டா. நல்ல கேள்வி. ரெண்டு நாள் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டுல ஒரு பெரியவர் இருக்காரு, எழுபதைத் தாண்டிட்டாரு, கிழக்கு ஜெர்மனி காலத்து சிம்சன் ஷ்வால்பெ குட்டி ஸ்கூட்டர் ஒண்ணு வெச்சிருக்காரு, மழையோ குளிரோ அதுலதான் பேக்கரிக்குப் போவாரு. அவர்கிட்ட கேட்டேன். "ஓ-வுல இருந்து ஓ-வரைக்கும்"னாரு. அக்டோபர்ல மாட்டு, ஓஸ்டர்ன்னு இவங்க சொல்ற ஈஸ்டர்ல கழட்டு, இங்க கார்காரங்க எல்லாரும் சொல்ற கணக்கு அது. பனி எதுக்கு, இந்த ஊர்ல பனி வருஷத்துல எத்தனை நாள், ஆனா காலைல அஞ்சு டிகிரிக்குக் கீழ இருக்குற நாள் எத்தனைன்னு எண்ணிப் பாருன்னாரு. டயரோட பேர் குளிர்கால டயர்தானே, பனி டயர் இல்லையேன்னாரு. எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் இவ்ளோ நாளா மனசுக்குள்ள அதை பனி டயர்னு மொழிபெயர்த்து வெச்சிருந்தேன்.

விஷயம் ரப்பர்லதான் இருக்கு. சாதா டயரோட ரப்பர் வெயில்ல உருகாம, சீக்கிரம் தேயாம இருக்கற மாதிரி கலந்தது. சுமாரா 7 டிகிரிக்குக் கீழ போனா அது இறுக ஆரம்பிச்சிரும்னு ஒரு கைக்கணக்கு சொல்வாங்க, 7ங்கறது கோடு போட்ட எல்லை இல்ல, ஆனா அந்தப் பக்கத்துலதான் மாறுது. இறுகுன ரப்பர் ரோட்டோட சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள்ள அழுந்தி உக்காராது, மேலாக மிதக்கும். குளிர்கால டயர்ல சிலிக்கா சேத்து குளிர்லயும் மெத்துன்னு இருக்கற மாதிரி கலப்பாங்க, அதோட பட்டன் கட்டி ஒவ்வொண்ணுலயும் பிளேடால கீறி விட்ட மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கும், இங்க லாமெல்லன்னு சொல்றாங்க, பிரேக் பிடிக்கும்போது அந்தக் கோடுங்க விரிஞ்சு அத்தனை ஓரமும் ரோட்டைப் பிறாண்டும். கார்ல நாலு சக்கரம், ஒண்ணு வழுக்குனா மூணு தாங்கும். நமக்கு உள்ளங்கை அகலத்துல ரெண்டு இடம்தான் ரோட்டைத் தொடுது, அதுலயும் 10 இன்ச் சக்கரத்துல அந்த உள்ளங்கையும் சின்னப் புள்ளைங்களோடது.

சரி, வாங்குறதுன்னு முடிவு. எதை வாங்குறது?

கார் டயரா இருந்தா வேலை சுலபம், பக்கச் சுவர்ல மூணு சிகரம் வெச்ச மலையும் அதுக்குள்ள பனித் துளி நட்சத்திரமும் போட்டிருந்தா அது சோதனை பண்ணி பாஸான டயர். அந்தச் சோதனை விதி காருக்கும் லாரிக்கும் உள்ளது, ஸ்கூட்டர் டயர்ல பெரும்பாலும் எம்+எஸ்னு மட்டும்தான் போட்டிருப்பாங்க, சகதியும் பனியும்னு ஜெர்மன்ல அதுக்கு அர்த்தம். அதை கம்பெனிக்காரன் தானே போட்டுக்கலாம், இவ்வளவு கிரிப் இருக்கணும்னு யாரும் அளந்து பாத்து கொடுக்குற முத்திரை இல்ல. அதனால எம்+எஸ் எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீங்க. கட்டி கட்டியா பெரிய பட்டன் வெச்ச மண் ரோட்டு டயருக்கும் எம்+எஸ் போடுவான், அதுல அந்த மெல்லிசான கீறலும் இருக்காது, ரப்பரும் குளிருக்கானது இல்ல, ஈரத் தார் ரோட்ல அது நம்ம பழைய டயரை விட மோசமா போக வாய்ப்பு இருக்கு. எழுத்தைப் பாத்த பிறகு கோடு இருக்கான்னு பாருங்க, அப்புறம் குளிர்கால ரப்பர் கலவைன்னு கம்பெனியே சொல்லுதான்னு பாருங்க.

அடுத்தது சைஸ். மிஷெலின், மிட்டாஸ், அன்லாஸ்னு பல கம்பெனி ஸ்கூட்டருக்குன்னே குளிர்கால டயர் செய்யறாங்க, ஆனா நான் தேடுன வரைக்கும் கண்ணுல பட்டதெல்லாம் அதிகம் 12, 13, 14 இன்ச்சுக்குத்தான், இப்ப வர்ற வண்டியெல்லாம் அந்த சைஸ்தானே. 3.50-10ன்னு வடிகட்டுனா லிஸ்ட் சட்டுனு சுருங்கிப் போச்சு. 100/90-10 போட்டுக்கலாம்னு சிலர் சொல்வாங்க, மாட்டும்தான், ஆனா வண்டி பேப்பர்ல 3.50-10ன்னு இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டெக்னிக்கல் சோதனைக்குப் போறப்ப அங்க நின்னு விளக்கம் சொல்ற தெம்பு எனக்கு இல்ல.

கடைசில கிடைச்சது ஹைடெனாவ் ஸ்நோடெக்ஸ். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா ஹைடெனாவ்ங்கறது கம்பெனி பேர் மட்டும் இல்ல, ஊர் பேர். டிரெஸ்டன்ல இருந்து பிர்னா போற எஸ்-பான் ரயில்ல ஏறுனா வழியில வர்ற ஸ்டேஷன். நான் ஐரோப்பா பூரா இண்டர்நெட்ல தேடி கடைசில பக்கத்து ஊர்ல வந்து நின்னேன். கீழ் வீட்டுப் பெரியவர்கிட்ட சொன்னப்ப அவர் ஷ்வால்பெ டயரைக் காட்டுனாரு, அதுலயும் அதே பேர்தான். மொதல்லயே அதைச் சொல்லியிருக்கலாம்ல!

டயர்ல 59எம்னு போட்டிருந்துச்சு. 59ங்கறது தாங்குற எடை, 243 கிலோ. எம்னா மணிக்கு 130 கிலோமீட்டர் வரைக்கும், என் வண்டிக்கு இறக்கத்துல காத்தும் தள்ளி விட்டாகூட அதுக்குப் பக்கத்துல வராது. டிஎல், அதாவது டியூப்லெஸ்னும் போட்டிருந்துச்சு, அதைப் பாத்து டியூப் வேணாம்னு நெனச்சுராதீங்க. பிஎக்ஸ் ரிம் ரெண்டு தட்டை சேத்து நட்டு போட்டது, நடுவுல காத்து நிக்காது, டயர் டியூப்லெஸ்ஸா இருந்தாலும் உள்ள டியூப் போட்டே ஆகணும்.

இங்க நான் ஒரு ஏமாளித்தனம் பண்ணேன். விலை கொஞ்சம் கம்மின்னு ஒரு ஆன்லைன் கடைல ஆர்டர் போட்டேன், பேர் வேணாம். வந்த டயர்ல டாட் நம்பரோட கடைசி நாலு இலக்கத்தைப் பாத்தா 4118. 2018ஆம் வருஷம் 41ஆவது வாரம் செஞ்சது. குளிர்கால டயரை வாங்குறதே மெத்துன்னு இருக்கற ரப்பருக்காக, அதைப் போய் வருஷக்கணக்கா குடோன்ல காய வெச்சா என்ன மிச்சம் இருக்கும்? திருப்பி அனுப்புனேன், அனுப்புற செலவு நம்ம தலையில. ரெண்டாவது தடவை போன் போட்டு தேதி கேட்டுட்டு வாங்குனேன், வாங்குன நேரத்துக்கு நாலு மாசம் முன்னாடி செஞ்ச டயர் வந்துச்சு, ஒண்ணு அம்பது யூரோக்குள்ள முடிஞ்சுது.

வந்த அன்னிக்கு ராத்திரி ஒரு சோதனை. புது டயரையும் வண்டில இருந்த டயரையும் ஒரே குளிர்ல வெச்சு, வண்டி வெளியதான் நிக்குது, புதுசை அதுக்குப் பக்கத்துலயே சாய்ச்சு செயின் போட்டு பூட்டிட்டு, காலைல கட்டைவிரல் நகத்தால ரெண்டையும் அமுக்கிப் பாத்தேன். பழசுல நகம்தான் வலிச்சுது. புதுசுல நகத்தோட அடையாளம் பதிஞ்சு மெதுவா மறைஞ்சுது. விஞ்ஞானம் இல்லதான், ஆனா எனக்கு அது போதுமா இருந்துச்சு.

இப்ப மாட்டுற வேலை. இருக்குற ரிம்முல இருந்து டயரைக் கழட்டி மாட்டி, ஈஸ்டருக்கு மறுபடி கழட்டி மாட்டின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை அல்லாடறதுக்கு பதிலா ரெண்டு புது ரிம் தனியா வாங்கிட்டேன். பிஎக்ஸ்ல இதுதான் சுகம், அஞ்சு நட்டு கழட்டுனா சக்கரம் கையோட வந்துரும், குளிர்கால சக்கரம் ஒரு ஜோடி, கோடை சக்கரம் ஒரு ஜோடின்னு வெச்சுக்கிட்டா 13 ஸ்பேனர் ஒண்ணை வெச்சு அரை மணி நேரத்துல மாத்திடலாம். ரிம்மு ரெண்டும் டியூப் ரெண்டும் சேத்து டயர் விலைக்கு சமமா ஆச்சு, அது உண்மை. ஆனா இங்க கடைல டயர் மாத்த கூலி கேட்டா கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும், ரெண்டு மூணு சீசன்ல போட்ட காசு எடுத்துடலாம்.

கீழ நிலவறைல எங்க வீட்டுக்குன்னு ஒரு தடுப்பு இருக்கு, அங்க சனிக்கிழமை மத்தியானம் உக்காந்தேன், போனை ஒரு பெயிண்ட் டப்பால சாய்ச்சு வெச்சு அப்பாவை வீடியோ கால்ல போட்டாச்சு. அங்க அவருக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம், இட்லி தட்டைக் கைல வெச்சுக்கிட்டே சூப்பர்வைசர் வேலை பாத்தாரு.

முதல் சக்கரத்தைச் சேக்கறப்பவே கெடுத்தேன். ரிம்மோட அகலமான பாதியை டயருக்குள்ள விட்டு, டியூப்பைச் சுருட்டி உள்ள திணிச்சு, வால்வை துவாரத்துல இழுத்து விட்டு, மத்த பாதியை மூடி நட்டு முறுக்கிட்டேன். காத்து அடிச்சா ஒரு பார் அழுத்தம் ஏறுன உடனே உஸ்ஸ்ஸ். ரெண்டு தட்டுக்கும் நடுவுல டியூப் சிக்கி நசுங்கி இருக்கு. அப்பா இட்லியை வெச்சுட்டு சிரிக்கிறாரு. "டியூப்ல காத்து ஏத்துனியாடா?" நட்டு முறுக்குறதுக்கு முன்னாடி எதுக்குப்பா காத்துன்னு கேட்டேன். "பஞ்சர் கடைல எத்தனை வருஷம் பக்கத்துலயே நின்னு பாத்திருப்ப, என்னத்தப் பாத்த?"

சரியான முறை இதுதான். டியூப்ல மொதல்லயே லேசா காத்து ஏத்திக்கணும், உருண்டையா வடிவத்துக்கு வர்ற அளவுக்கு, அதுக்கு மேல வேணாம். அப்ப அது டயருக்குள்ள ஒழுங்கா படுத்துக்கும், தட்டுக்கு நடுவுல வந்து எட்டிப் பாக்காது. டியூப் மேலயும் டயர் உள்பக்கமும் பவுடர் தடவணும், ஒட்டிக்காம வழுக்கி உக்காரும். டால்க் பவுடருக்கு அந்த நேரத்துல எங்க போறது, அம்மா ஊர்ல இருந்து கொடுத்து விட்ட கோகுல் சாண்டல் டப்பா ஒண்ணு பாத்ரூம்ல இருந்துச்சு, அதைக் கொட்டுனேன். நிலவறை பூரா கல்யாண வீட்டு வாசம். அப்புறம் ரெண்டு தட்டையும் ஓட்டைக்கு ஓட்டை நேரா வெச்சு, வால்வ் நேரா நிக்குதான்னு பாத்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு, நட்டை ஒண்ணு விட்டு ஒண்ணா எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். முறுக்குற நடுவுல சுத்தி பாத்து தட்டுங்களுக்கு இடையில கறுப்பா ஏதாவது தெரியுதான்னு வெரலால தடவிப் பாக்கணும். என்கிட்ட முறுக்குற பலத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இருந்துச்சு, 20ல இருந்து 25 நியூட்டன் மீட்டருக்குள்ள வெச்சு முடிச்சேன். அப்பாவுக்கு ரெஞ்ச் மேல நம்பிக்கை இல்ல, மணிக்கட்டுதான் அளவுன்னாரு. டயர்ல சுத்துற திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், ரிம்மை மூடுறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க, ரிம்மு ஒரு பக்கமாத்தான் வண்டில மாட்டும், அதனால தப்பா மூடிட்டா பிரிச்சுத்தான் திருப்பணும். இதை எப்படி கத்துக்கிட்டேன்னு கேக்காதீங்க.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சத்தமா சொல்றேன். பழைய சக்கரத்தைப் பிரிக்கறவங்க, வண்டியோட சேக்கற அஞ்சு நட்டு வேற, ரிம்மு ரெண்டு தட்டையும் சேக்கற அஞ்சு நட்டு வேற, ரெண்டுக்குமே அதே 13 ஸ்பேனர்தான். தட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி வால்வ் ஊசியைக் கழட்டி காத்தை மொத்தமா இறக்கிடணும், கொஞ்சம் கூட மிச்சம் வைக்கக் கூடாது. காத்தோட அந்த நட்டைத் தொட்டா தட்டு பிரிஞ்சு மூஞ்சிக்கு வரும். எங்க தெரு முக்கு பஞ்சர் கடைல வேலைக்கு இருந்த பையன் ஒருத்தனுக்கு தாடைல அந்தத் தழும்பு இருந்துச்சு, சின்ன வயசுல அது சண்டைல பட்டதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

வண்டில மாட்டுறது பெரிய வேலை இல்ல. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை லேசா தளத்தி விட்டு, சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில பலகை வெச்சு உசத்தி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. பின் சக்கரத்தை எடுக்க வண்டியை ஆள் வெச்சு சாய்ச்சுப் பிடிச்சா சுலபம், என் மனைவி பிடிச்சா, கைல பெட்ரோல் வாசம் போகலன்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டு இருந்தா.

காத்து அளவு நம்ம சேட்டக் கணக்கேதான், முன்னாடி 18 பின்னாடி 25 பிஎஸ்ஐ, இங்கத்த கணக்குல 1.25 பார், 1.75 பார், தனியாளுக்கு. ராத்திரி நிலவறைலயே அளந்து அடிச்சு முடிச்சு வெளிய நிறுத்துனேன். காலைல ஒரு சந்தேகத்துக்கு மறுபடி அளந்தா பின்னாடி 1.55, முன்னாடி 1.1. எனக்கு அழுகையே வந்துருச்சு, ரெண்டு டியூப்பும் நசுங்கிருச்சு போலன்னு. சோப்புத் தண்ணி தடவிப் பாக்குறேன், ஒரு குமிழி கூட இல்ல. அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு, நிலவறைக்குள்ள 16 டிகிரி, வெளிய மைனஸ் 3. குளிர்ந்தா காத்து சுருங்கும், பத்து டிகிரிக்கு சுமாரா 0.1 பார் குறையும்னு கணக்கு, ஏறக்குறைய இருபது டிகிரி வித்தியாசத்துக்கு சரியா பொருந்துது. அதனால காத்தை வண்டி நிக்கிற குளிர்லயே அளந்து அடிங்க, ஓட்டிட்டு வந்த சூட்டுலயும் அளக்காதீங்க.

முதல் நூறு கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுனேன், புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேஞ்சு போகணும். அதுக்கப்புறம் அதே கோனிக்ஸ்ப்ருக்கர் தெரு, அதே தண்டவாளம், 2 டிகிரி, ஈரம். தண்டவாளம் இரும்புதான், அதுல எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும், ஆனா அதைத் தாண்டுன உடனே கல்லு மேல டயர் வந்து பிடிச்சுக்குற அந்த நேரம் கண்ணுக்குத் தெரிஞ்சு குறைஞ்சிருந்துச்சு. பிரேக் பிடிக்கறப்ப பழைய டயர்ல இருந்த அந்த மரக்கட்டை உணர்ச்சி இல்ல. குறைன்னு சொன்னா, வளைவுல கொஞ்சம் ரப்பர் பந்து மேல உக்காந்த மாதிரி நெளியும், அப்புறம் 60க்கு மேல ஒரு ரீங்காரம், வண்டு ஒண்ணு கூடவே வர்ற மாதிரி.

ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை பனி கொட்டுச்சு. இந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டிருக்கும், பார்க்கிங் காலியா வெள்ளை வெளேர்னு கிடக்கும். ரோட்ல ஓட்டாம தள்ளிக்கிட்டே அங்க போனேன், மொதல்ல குளிர்கால டயரோட, 20ல போய் பின் பிரேக்கை மட்டும் அமுக்கி எத்தனை காலடில நிக்குதுன்னு எண்ணுனேன், மூணு தடவைல சுமாரா 13 காலடி. அப்புறம் வீட்டுக்குப் போய் பழைய கோடை சக்கரத்தை எடுத்துட்டு வந்து பின்னாடி மட்டும் மாத்தி அதே சோதனை. 17, 19, 18. மூணாவது தடவை வண்டி முழுசா பக்கவாட்டுல திரும்பி நின்னுச்சு, மாடியில இருந்து ஒரு அம்மா ஜன்னலைத் திறந்து என்னமோ கேட்டாங்க, நான் கையாட்டிட்டேன். ஆக பனில வித்தியாசம் இருக்கு. ஆனா பார்க்கிங் மூலைல தண்ணி தேங்கி உறைஞ்ச ஒரு இடம் இருந்துச்சு, குளிர்கால டயரைத் திரும்ப மாட்டிட்டு அதுல பத்து கிலோமீட்டர் வேகத்துல ஏறுனேன். அங்க 13ம் இல்ல 18ம் இல்ல. ரெண்டு காலையும் ஊனி, வண்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், மெதுவா கீழ உக்காந்தோம். ஐஸ்ல பிடிக்கணும்னா ஆணி வெச்ச டயர்தான் வேணும், ஜெர்மனி ரோட்ல அதுக்கு அனுமதி இல்ல.

அதனால என் நடைமுறை இப்படி ஆயிருச்சு. ராத்திரி பனியோ, மழை பெஞ்சு உறையுற மாதிரி குளிரோ இருந்தா ஏழாம் நம்பர் டிராம். வெறும் குளிர், வெறும் ஈரம், இலைச் சருகு, இதுக்கெல்லாம் வெஸ்பா. பாலத்து மேல மட்டும் எந்த நாளா இருந்தாலும் சந்தேகம்தான், எல்பெ ஆத்துப் பனிமூட்டம் வால்ட்ஷ்லோஸ்ஷன் பாலத்துல படிஞ்சு, கீழ பூமிச் சூடும் இல்லாம, மத்த ரோடெல்லாம் ஈரமா இருக்கறப்பவே அங்க உறைஞ்சு கிடக்கும். (இந்தப் பாலத்தைக் கட்டுனதுக்காகத்தான் 2009ல யுனெஸ்கோ டிரெஸ்டன் பள்ளத்தாக்கை பாரம்பரியப் பட்டியல்ல இருந்து தூக்குச்சு. காலைல ஆறு மணிக்கு அது மேல உருட்டிக்கிட்டு போறப்ப எனக்கு என்னவோ யுனெஸ்கோ பக்கம்தான் நியாயம்னு படும்.)

டயரை விட அதிகமா வண்டியைத் தின்னது உப்பு. பனிக்கு முன்னாடியே ரோட்ல உப்பைத் தூவிடறாங்க, அது நட்டு, கேபிள் முனை, மட்கார்டு உள்பக்கம்னு எல்லா இடத்துலயும் போய் உக்காந்துக்குது. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவிருவேன், வெந்நி வேணாம், வெந்நில உப்பு நல்லா கரைஞ்சு இன்னும் உள்ள போகும்னு பெரியவர் சொன்னாரு, பச்சைத் தண்ணிலயே கழுவுறேன். சக்கர நட்டு போல்டுல லேசா காப்பர் கிரீஸ் தடவுனேன், பிரேக் பக்கம் படாம. ஈஸ்டருக்குக் கழட்டுறப்ப அது எவ்ளோ புண்ணியம்னு தெரிஞ்சுது.

சீசன் முடிஞ்சப்ப கிட்டத்தட்ட 2,100 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, பின் டயர் ரெண்டு மில்லிமீட்டர் போல தேஞ்சிருக்கு, முன் டயர் தேஞ்ச மாதிரியே தெரியல. அடுத்த அக்டோபர்ல ரெண்டையும் இடம் மாத்திப் போடலாம்னு சாக்பீஸால முன், பின்னுன்னு எழுதி கறுப்பு கவர்ல சுத்தி நிலவறைல படுக்க வெச்சுட்டேன். இதமான வெயில் வந்த பிறகும் குளிர்கால டயர்லயே ஓட்டுனா அந்த மெத்து ரப்பர் அழிரப்பர் மாதிரி கரையும், அதனால ஈஸ்டர் திங்கக்கிழமையே வேலையை முடிச்சேன், அப்பா மறுபடி பெயிண்ட் டப்பா மேல.

கோடை சக்கரம் ரெண்டும் மாட்டி, காத்து பாத்து, நட்டு எல்லாம் எதிரெதிரா முறுக்கி, ஸ்பேனரைத் துடைச்சு பையில போட்டுட்டு நிமிந்தேன். "ஸ்டெப்னி?"ன்னாரு.

இடது பக்க மூடியைக் கழட்டி கேஜை வெச்சேன். முள்ளு அசையவே இல்ல. குளிர்காலம் பூரா, இருட்டுல, மைனஸ்ல, நான் காத்தே இல்லாத ஸ்டெப்னியை சுமந்துக்கிட்டுதான் வேலைக்குப் போயிருக்கேன். போனைத் திருப்பிக் காட்டச் சொன்னாரு, நெட்வொர்க் சரியில்லப்பான்னு சொல்லி கட் பண்ணிட்டு பம்ப்பை எடுத்தேன்.